சிடியில் வந்த சொர்ணத்தாய்

மாரித்தாய் சினிமாவில் நடித்தவள். கோவில்பட்டியில் அவள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் இதைத் தெரியாதவர்கள் கிடையாது. வரிசையாக உட்கார்ந்து குச்சி அடைக்கும் அந்தக் கொட்டகையில், புதிதாகச் சேரும் எந்தப் பெண்ணும் இரண்டாம் நாளே அந்தக் கதையைக் கேட்டாக வேண்டும். அவளுக்குப் பெயரே சினிமாக்கா.

பாகிஸ்தானோடு சண்டை நடந்த அறுபத்தைந்தாம் வருஷம் அது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி அவள் ஊரான இடைசெவலுக்கு வந்து, மழைக்கு முன்னால் வெறுமனே கிடந்த கரிசல் காட்டில் தகரத்தால் ஒரு பெரிய மிஷினைச் செய்து நிறுத்தியது. ‘கதிர் ஒற்றன்’ என்று படம். எதிரி நாட்டு விஞ்ஞானி ஒருவன் கண்ணுக்குத் தெரியாத கதிரால் நம் விமானங்களைச் சுட்டு வீழ்த்துகிறான். நம் ஒற்றன் மாறுவேஷத்தில் போய் அவனைப் பிடிக்கிறான். ஒற்றனிடம் சேதி கொண்டு ஓடும் சிறுமியாக மாரித்தாயைப் பிடித்துப் போட்டார்கள். பட்டுப்பாவாடை உடுத்திவிட்டார்கள். “அய்யா, வானத்துல பொறி பறக்குது!” என்று ஒரு வசனமும் கொடுத்தார்கள். அவளோடு ஆடு மேய்த்த பக்கத்து வீட்டு சொர்ணத்தாயை ஆடுகளோடு சும்மா நிற்கச் சொன்னார்கள்.

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. கோவில்பட்டிப் பக்கம் வரவே இல்லை. யாருமே பார்க்காத படம் என்பதால் மாரித்தாய் சொன்னதுதான் கதை. வருஷம் போகப் போக அவள் வசனம் ஒன்றிலிருந்து நாலாயிற்று.

சொர்ணத்தாய் கடலைமிட்டாய்க் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு மாடி வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டைப் பார்த்து மாரித்தாய் ஒருநாளும் மனம் புழுங்கியதில்லை. அவளிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருந்ததே.

இரண்டாயிரத்து மூன்றில் ஒருநாள், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சிடி கடை வைத்திருந்த செல்வகணேஷ் அவளைக் கூப்பிட்டான்.

“பெரியம்மா, உங்க படம் சிடில வந்திருக்கு. பழைய படமாத் தேடிப்பிடிச்சு ஒரு கம்பெனி போடுது.”

அட்டையில் மிஷினும் விமானமும் இருந்தன; துப்பாக்கியோடு ஒற்றன் நின்றான். மாரித்தாய் அதில் தன் முகத்தைத் தேடினாள்.

ஞாயிற்றுக்கிழமை சொர்ணத்தாய் வீட்டில் பெரிய டிவியில் போடுவதென்று முடிவாயிற்று. ஆபீசிலிருந்து பதினைந்து பேரை மாரித்தாயே கூட்டிக்கொண்டு போனாள். சொர்ணத்தாய் எல்லோருக்கும் காபி கொடுத்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து அந்த இடம் வந்தது. வெகுதூரத்தில், எறும்பு மாதிரி, ஒரு பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியது. வேறு யாரோ ஒருத்தியின் கீச்சுக்குரல் வசனத்தைச் சொன்னது. அடுத்த நொடி, திரை முழுக்க ஒரு முகம். ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டு, எண்ணெய் வழியும் நெற்றியோடு, கண்ணை இமைக்காமல் மேலே பார்க்கிற முகம்.

“ஆத்தி! இது நம்ம சொர்ணக்கால்லா!”

வீடே கத்தியது. திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். குச்சி அடைக்கும் பூங்கொடி கேட்டாள்: “சினிமாக்கா, நீங்க எங்கன வருதீங்க?”

“ஓடுதது நாந்தான்.”

“முதுகுதானக்கா தெரியுது.”

மறுநாள் ஆபீசில் எல்லோரும் சொர்ணத்தாயைப் பற்றியே பேசினார்கள். மிட்டாய்க் கடையில் அந்த முகத்தைப் பெரிய படமாக்கி மாட்டியிருந்தார்கள். மாரித்தாய் கடைக்கு எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தாள். சொர்ணத்தாய் வீட்டுச் சிடியை இரவல் வாங்கிவந்து அரிசிப் பானைக்குள் போட்டாள். திருப்பிக் கேட்டு ஆள் வந்தபோது, “கீறல் விழுந்திருச்சு” என்று சொல்லி அனுப்பினாள். அதனால் என்ன பிரயோசனம்? செல்வகணேஷ் கடையில் அதே சிடி அடுக்கடுக்காக விற்றது.

வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் சிடியை எடுத்துப் போட்டு, அந்த இடத்தில் நிறுத்தினாள். மூக்கு சப்பை, பல் தெற்று என்று குறை தேடினாள். ஒன்றும் ஒட்டவில்லை. அந்தக் கண்ணை விட்டுத் தன் கண்ணை எடுக்க முடியவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. சிடியை உருவிக்கொண்டு நேரே மாடி வீட்டுக்குப் போனாள்.

“இந்தா உன் சிடி. கீறலும் இல்ல ஒண்ணும் இல்ல. பொய்தான் சொன்னேன்.”

“தெரியும்ட்டி, உக்காரு” என்றாள் சொர்ணத்தாய்.

“உன்னத் தனியா எடுத்தாங்கன்னு ஏன் சொல்லல? இத்தன வருஷமா நான் அளந்ததக் கேட்டு உள்ளுக்குள்ள சிரிச்சிருப்ப.”

“எனக்கே இப்பதான தெரியும். கேமராவக் கொண்டாந்து பக்கத்துல வச்சாங்க. ஆட்ட எடுக்காங்கன்னு நெனச்சேன்.”

“அப்படி எதத்தான் பாத்துக்கிட்டு நின்ன? விமானம் எரியுததப் பாத்துப் பயந்த மாதிரியே இருக்குன்னு ஊரே சொல்லுது.”

சொர்ணத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“உன்னத்தான் பாத்தேன். பட்டுப்பாவாடையோட ஜீப்பு மேல ஏறி உக்காந்து பன்னு தின்னுக்கிட்டு இருந்த. எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. இவ அங்கனருந்து விழமாட்டாளான்னு பாத்தேன். அந்த மூஞ்சிதான் அது.”

 மாரித்தாய் தானே எழுந்து சிடியைப் போட்டாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். இப்போது அந்த முகத்தில் பயம் துளிகூடத் தெரியவில்லை. இந்த ஒரு மாதமாகக் கண்ணாடியில் மாரித்தாய் தன் முகத்தில் பார்த்துவந்த பார்வைதான்.

“நல்லாத்தான் எரிஞ்சிருக்க” என்றாள். சொர்ணத்தாய்க்குச் சிரிப்பு வந்தது. மாரித்தாய்க்கும் வந்தது. தன்னைப் பார்த்து ஒருத்தி இவ்வளவு வெந்திருக்கிறாள் என்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அதை அவள் மறைக்கவில்லை.

முழுக்கத் தணிந்துவிட்டது என்று சொன்னால் பொய். பொங்கலுக்கு உள்ளூர் கேபிளில் படத்தைப் போட்டார்கள். மறுநாள் மார்க்கெட்டில் முன்பின் தெரியாத ஒருவர் சொர்ணத்தாயை நிறுத்தி, “அந்த ஆட்டுக்குட்டிப் பிள்ளை நீங்கதான?” என்று கேட்டார்.

“ஆமா. இவளும் நடிச்சிருக்கா” என்று சொர்ணத்தாய் மாரித்தாயை இழுத்து முன்னால் விட்டாள்.

அவர் “அப்படியா” என்று ஒப்புக்குத் தலையாட்டிவிட்டு மறுபடியும் சொர்ணத்தாயிடமே பேசினார்.

மாரித்தாய்க்குச் சுருக்கென்றது. தன் காய்கறிப் பையைத் தூக்கிச் சொர்ணத்தாயின் கையில் திணித்தாள்.

“பிடிட்டி, கை வலிக்கு” என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.