இரண்டு பேர் பேசிய பாஷை

காரைக்காலில் அந்தப் பாஷை தெரிந்தவர்கள் கமருன்னிசாவும் ஜன்னத்துல் பிர்தௌஸும்தான். இருவரும் சைகோன் பக்கத்துச் சாம் இனத்துப் பெண்கள். அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த காரைக்கால்காரர்களுக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள். சொந்த நாட்டிலேயே சாம் பேசக் கொஞ்சம் பேர்தான், இங்கே கேட்கவேண்டுமா? தெருக்காரர்கள் அதற்குச் "சீனப் பேச்சு" என்று பெயர் வைத்தார்கள். சீனத்தை எங்கே கேட்டார்களோ!

கமருன்னிசாவுக்கு அதைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை. தடுத்தவள் பிர்தௌஸ், அதுவும் அந்தப் பாஷையிலேயே.

"வேணாம் கமரு. தெருவே கேலி பண்ணும். இது நம்மளோட போவட்டும். ஒன்னோட பேச நான் இருக்கேன்ல?"

ஒரு வாக்கும் கொடுத்தாள். யாருக்கு முதலில் மவுத்து வந்தாலும், மற்றவள் தலைமாட்டில் உட்கார்ந்து தாய்ப்பேச்சில் வழியனுப்ப வேண்டும். கமருன்னிசா நம்பினாள். பிள்ளைகள் தமிழிலேயே வளர்ந்தார்கள். தினமும் கொல்லை வழியாகப் போய் பிர்தௌஸின் அடுப்படியில் கொஞ்சம் பேசிவிட்டு வந்தால் அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம், பிர்தௌஸின் மகளைப் பெண் பார்க்க நாகூரிலிருந்து ஒரு பெரிய குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது. அது தெரியாமல் உள்ளே நுழைந்த கமருன்னிசா, "தலைவலி விட்டுச்சா?" என்று சாம் பேச்சில் கேட்டாள்.

மாப்பிள்ளையின் உம்மா பிர்தௌஸைத் திரும்பிப் பார்த்தார். "இது என்ன பேச்சு? நீங்களும் அந்த நாட்டு ஆளுங்கதானா?"

"அய்யோ, இல்லீங்க மாமி. நான் சைகோன்ல பொறந்தவ, அவ்வளவுதான். எங்க வாப்பா, உம்மா ரெண்டு பேரும் இந்தப் பக்கம். இவங்க பக்கத்து வூடு. கொஞ்சம் புத்தி பிசகு. இப்புடித்தான் எதையாச்சும் ஒளறுவாங்க" என்றாள் பிர்தௌஸ். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

புத்தி பிசகாம்! கமருன்னிசாவுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். வந்த வழியே திரும்பினாள். வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மகள் அஜீசுன்னிசாவிடம் தன்னையறியாமல் தாய்ப்பேச்சில் முறையிட்டு அழுதாள்.

"என்ன சொல்றீங்க? தமிழ்ல சொல்லுங்க உம்மா" என்றாள் மகள், பயந்துபோய்.

பெற்ற பிள்ளைக்குக் கொடுக்காமல் இந்தப் பாவியை நம்பினோமே என்று கமருன்னிசாவுக்கு நெஞ்சு எரிந்தது.

அந்தச் சம்பந்தம் நிச்சயமானது. அன்று சாயங்காலம் பிர்தௌஸ் இனிப்போடு கொல்லை வாசலில் வந்து நின்று, சாம் பேச்சில் மன்னிப்புக் கேட்டாள். கமருன்னிசாவுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நீங்க பேசுறது எனக்கு வெளங்கலீங்க" என்று தமிழில் சொல்லிக் கதவைச் சாத்தினாள் கமருன்னிசா.

நாலு வருஷம் கழித்துக் காய்ச்சலில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. கடைசி நாளில் தெருப் பெண்களோடு பிர்தௌஸும் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவளுடைய நாகூர்ச் சம்பந்தியம்மாவும் கூட இருந்தார். கமருன்னிசா கண் திறக்காமல், பழைய பேச்சில், "நீ இருக்கியா?" என்று கேட்டாள்.

"என்ன கேக்குறாங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"தெரியலீங்க மாமி" என்றாள் பிர்தௌஸ்.