‘புஷ்’ என்றால் தள்ளு

போன வெள்ளிக்கிழமை எனக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தை பாடமாயிற்று. பள்ளிக்கூடத்தில் அல்ல... விழுப்புரம் போகும் ரஸ்தாவில்!

நான் மூன்றாவது பாரத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவன் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. ‘புஷ் என்றால் தள்ளு’ என்று அந்த நாளில் நெட்டுருப் போட்டிருக்கிறேன். வாய்க்கு அர்த்தம் தெரிந்திருந்தது. தோளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

என் மனைவிக்கு ஒரே தம்பி, ஏழுமலை. தாயார் தவறிய பிறகு எங்களோடு திண்டிவனத்தில்தான் வளர்ந்தான். அவனுக்குச் சோறு ஊட்டியதும் தலை வாரியதும் அவள்தான். இப்போது பட்டாளத்தில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை காலை, பட்டணத்திலிருந்து வந்த எதிர்வீட்டுக்காரர் ஒரு சேதி கொண்டு வந்தார். ஏழுமலையின் பட்டாளம் இன்றைக்கே ரயில் ஏறுகிறது. அப்புறம் கப்பல். எந்தத் தேசமோ, யார் கண்டது? அந்த ரயில் திண்டிவனத்தில் நிற்காது. விழுப்புரம் ஜங்ஷனில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கிற வரைக்கும் நிற்கும். மத்தியானம் போனால் முகத்தைப் பார்க்கலாம்.

எங்கள் பாசஞ்சர் வண்டியோ அதற்குள் போய்விட்டது. மிச்சம் கரி பஸ் ஒன்றுதான்.

பெட்ரோல் கிடைக்காத இந்த யுத்த காலத்தில் கரி பஸ்ஸில் ஏறாதவர் உண்டா? பின்பக்கம் ஆளுயர அடுப்பு. அதில் கரி எரிந்து வரும் வாயுவில் வண்டி ஓடும். சமதரையில் ஓடும்; மேடு வந்தால் அதற்கு மூச்சு முட்டும். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் ஒரு மேடு வந்தது. நின்றுவிட்டது.

ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும், பெண்கள் உட்கார்ந்திருக்கலாம் – இது கரி பஸ்ஸின் எழுதாத சட்டம். இறங்கினோம். நடுவில் அடுப்பு கொதிக்கிறது. இரண்டு மூலைகளிலும்தான் கை வைக்கலாம். வைத்த இடமெல்லாம் கரி.

“புஷ்!” என்று கத்தினார் கண்டக்டர்.

நானும் இன்னும் நாலைந்து பேரும் தள்ளினோம். மற்றவர்கள் அசையவில்லை. நாங்கள் களைத்துக் கையை எடுத்த பிறகு, அவர்கள் மயிலம் மலை இருக்கும் திக்கைப் பார்த்து, “அரோகரா!” என்று கூவித் தள்ளினார்கள். பஸ் ஒரு சாண் முன்னே போயிற்று. ஒரு சாண் பின்னே வந்தது.

“இன்னாய்யா, நான் புஷ்ஷுன்றேன், நீங்க சும்மா நிக்கறீங்க?”

“சாமி பேரச் சொல்லாம எப்படிப்பா பாரத்துல கைய வெக்கறது?” என்றார் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு வந்த கூலிக்காரப் பெரியவர். “நீ கூவறியே, அது எந்த சாமி பேரு?”

“ம்... டிரைவரோட குலசாமி! ஜல்தி தள்ளுங்கய்யா. பேஜாரு புடிச்ச மேடா கீது!”

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். தம்பிக்காகப் பிடித்த எள்ளுருண்டை மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மனைவி அங்கே இல்லை. இறங்கி என் பக்கத்தில் நின்றாள்.

“நீ எதுக்கு இறங்கற? பொம்பளைங்க யாரும்...”

“நான் குந்திக்கினு இருந்தா ரயிலு குந்திக்கினு இருக்குமாங்க?” என்றவள் கண்டக்டரிடம் திரும்பினாள். “அண்ணே, நீங்க புஷ்ஷுன்னு சொல்லுங்க. ஒடனே அவங்க அரோகரா சொல்லட்டும். அப்புறமா எல்லாரும் ஒண்ணாத் தள்ளலாம்.”

அப்படியே நடந்தது. “புஷ்!” “அரோகரா!” பஸ் இருமியது, உறுமியது, மேடேறியது. விக்கிரவாண்டி தாண்டி இன்னொரு தரம் நின்றபோது, மற்றப் பெண்களும் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்!

தள்ளுவது என்றால் நமக்கு என்ன? தூரப்படுத்துவது. தள்ளி நில், தள்ளி வை... அப்படித்தானே பழக்கம்? இவளோ ஒருவனுக்குக் கிட்டே போவதற்காகத் தள்ளினாள்.

முருகன் கைவிடவில்லை. ஜங்ஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது.

“அக்கா!” ஏழுமலை பெட்டியிலிருந்து குதித்தான். “இன்னாக்கா மூஞ்சியெல்லாம் கரி? அடுப்பத் தூக்கிக்கினா வந்த?”

“தூக்கலடா, தள்ளிக்கினு வந்தேன்” என்றாள். அவன் சிரித்தான். அவள் மூட்டையை அவன் கையில் வைத்தாள். “சாப்பிடுறியா? தூங்கறியா?” – அவ்வளவுதான் பேச முடிந்தது. கார்டு விசில் ஊதிவிட்டார்.

அவன் அவள் கையை விடவில்லை. உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அதற்கும் அவன் நகரவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் நிற்பானே, அதே முகம்.

அவள்தான் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். இரண்டு கையையும் முதுகில் வைத்தாள். உதடு மட்டும் ‘அரோகரா’ என்று அசைந்தது. தள்ளினாள்.

“ஏறுடா கண்ணு... ஏறு.”

ஏறினான். வண்டி நகர்ந்தது. அவன் பெட்டிக்குள் திரும்பியபோது பார்த்தேன். காக்கிச் சட்டையின் முதுகில், கரியால் இரண்டு உள்ளங்கைகள். அவனுக்குத் தெரியாது.

குழாயடியைக் காட்டி, “கையைக் கழுவிக்கோ” என்றேன்.

“கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க” என்றாள்.

மயிலத்து முருகா, உன்னிடம் ஒரே ஒரு விண்ணப்பம்... அந்தச் சட்டையை அவன் சீக்கிரம் துவைத்துவிடக் கூடாது!