அப்பாவுக்கு ஜுரம்

எட்டு வயதிலேயே எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. சம்பளம் கிடையாது, பொறுப்பு மட்டும் ஏகப்பட்டது. முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை வாரம் ஒருமுறை சைக்கிளில் சேவூருக்கு வருவார், எங்கள் தறியில் சேலை எத்தனை முழம் ஏறியிருக்கிறது என்று பார்க்க. அப்பா குடித்துவிட்டு உள்ளே சுருண்டு கிடந்தால், கணக்குப்பிள்ளை சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் நான் வாசலுக்கு ஓடி, "அப்பாவுக்கு ஜுரம்ங்க" என்று சொல்ல வேண்டும்.

அவர் காதில் செருகிய ஊதாப் பென்சிலைத் தடவிக்கொண்டே என்னைப் பார்ப்பார். "கஞ்சி குடிச்சாராடா?" என்பார். "குடிச்சாருங்க" என்பேன். போய்விடுவார். இவ்வளவு பெரிய மனிதர் இப்படி ஏமாறுகிறாரே என்று எனக்கு அவர்மேல் இரக்கம்கூட உண்டு. ஆனால் பயம் அதைவிடப் பெரியது. குடிக்கிற கைக்கு நெய்யப் பட்டுப் பாவு கொடுப்பதில்லை என்பது முதலாளி வீட்டுச் சட்டம். கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்தால் முதலில் தறி காலி, அப்புறம் அடுப்பு காலி என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா அப்பாவின் சட்டைப்பையில் நாலாக மடித்த சீட்டு ஒன்றைத் திணித்தாள். இரண்டு நாளாக அப்பா குடிக்கவில்லை. அதனால் கை நடுங்கி, தொட்ட இழையெல்லாம் அறுந்துகொண்டிருந்தது.

"இந்த எடத்துல போயி ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வா. இதுவும் வேணான்னா நான் தேசூருக்கு எங்கம்மா வூட்டுக்கே போயிடறேன்" என்றாள் அவரிடம். என்னிடம், "அப்பா கைய உட்ட, தோல உரிச்சிடுவேன்."

சீட்டில் ஆரணி சர்ச்சுக்குப் பின்னால் பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு, நாலு மணி என்று இருந்தது. என்ன நடக்கும் என்று இல்லை. அப்பாவைத் திரும்பவும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்களோ என்று நினைத்தேன். ஆரணிக்கு நடந்தோம். வழி கேட்க அப்பாவுக்கு வெட்கம். என்னைக் கேட்கச் சொன்னார். "ஞாயித்துக்கெழம இஸ்கூலா? இன்னாடா பேஜாரு ஒனக்கு!" என்று சோடாக்கடைக்காரர் சிரித்ததில், நான் வழியைக் கேட்க மறந்து ஓடிவந்துவிட்டேன்.

மறுபடி சுற்றினோம். அந்தச் சுற்றில் சாராயக்கடை வந்தது. அப்பாவின் நடை தளர்ந்தது. அவர் விரல்கள் என் பிடியிலிருந்து ஒவ்வொன்றாக நழுவின.  இப்போது கை விட்டுப்போனால் ராத்திரிக்கு அம்மா இருக்க மாட்டாள். வீரத்தனமாக ஏதாவது செய்திருப்பேன் என்று நீங்கள் எதிர்பார்க்க வேண்டாம். "அப்பா, ஒண்ணுக்கு வருது" என்று அலறினேன். பயத்தில் அது நிஜமாகவும் இருந்தது. அப்பா வேறு வழியில்லாமல் என்னை ஒரு சந்துக்குள் இழுத்துப்போய்ச் சுவரோரம் நிறுத்தினார். தலைக்குமேல் ஜன்னல் வழியே பேச்சுக்குரல் கேட்டது. அதுதான் அந்தப் பள்ளிக்கூடம்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆண்கள் சின்னப்பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில், காதில் ஊதாப் பென்சிலோடு கணக்குப்பிள்ளை.

 அப்பா வந்த வழியே திரும்பிப்போகப் பார்த்தார். அதற்குள் ஒரு கண்ணாடிக்காரர், "வாங்க, வாங்க. பேசியே ஆவணும்னு இல்ல, சும்மா குந்துங்க" என்று இடம் காட்டிவிட்டார். ஒருவர் எழுந்து, "நான் குடிகாரன். பொண்ணு கல்யாணத்தன்னிக்கு சாக்கடையில கெடந்தேன்" என்றார். எங்கள் தெருவில் அந்த வார்த்தையைச் சொன்னால் மண்டை உடையும். இங்கே தங்களையே சொல்லிக்கொண்டார்கள். கணக்குப்பிள்ளை வேறு கேட்டுக்கொண்டிருக்கிறார். எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்துப் பிடிப்பதற்கான பொறி இது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அப்பாவின் முறை வந்தது. எழுந்து நின்றார். பேச ஆரம்பிக்குமுன் கடைசி பெஞ்சைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினேன்:

"எங்கப்பா குடிக்கவே மாட்டாருங்க! அவருக்கு ஜுரம்!"

 யாரோ சிரித்தார்கள். "எம்மவன் பல்லுவலின்னு சொல்லுவான்" என்றார் ஒருவர். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார்.

"பையன் சொல்றது பொய்ங்க" என்றார். "நான்தான் சொல்ல வெச்சேன். ஜுரம் இல்ல. குடி."

நான் ஓவென்று அழுதேன். கணக்குப்பிள்ளைக்கு எதிரிலேயே சொல்லிவிட்டாரே, தறி போயிற்றே! கணக்குப்பிள்ளை எழுந்து வந்து என் கையில் ஒரு தம்ளர் டீயைக் கொடுத்தார். "அழுவாதடா. இங்க பேசறது இந்த வாசலத் தாண்டாது. எங்கூட்லயும் ஒருத்தி எனக்கு ஜுரம்னு சொல்லிகினுதான் இருந்தா." நான் நம்பவில்லை. டீயை மட்டும் குடித்தேன்.

அந்த வாரம் முழுக்கத் தறியைப் பிடுங்க ஆள் வருகிறதா என்று தெருமுனையைப் பார்த்தபடியே இருந்தேன். சைக்கிள் வந்தது. ஓடிப்போய், "அப்பாவுக்கு ஜு..." என்று ஆரம்பித்தேன். "உள்ளதான் கீறேன், வாங்கய்யா" என்று தறியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அதற்குப் பிறகும் அவர் இரண்டு தடவை சறுக்கினார். ஆனால் என்னைச் சொல்லச் சொன்னதில்லை.

அன்றைக்குக் கணக்குப்பிள்ளை முழம் போட்டுப் பார்த்து, நோட்டில் ஊதாப் பென்சிலால் குறித்தார். பக்கத்தில், ஆணியில் குத்தியிருந்தது அம்மா திணித்த அந்தச் சீட்டு. அதிலும் அதே ஊதா, அதே சாய்ந்த எழுத்து. இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, இனி எனக்கு வேலை இல்லையே என்ற ஒரே துக்கத்தோடு விளையாடப் போனேன். கஞ்சி குடிச்சாரா என்று வாராவாரம் கேட்டுவிட்டுப் போன மனிதரை நான் நன்றாக ஏமாற்றியதாக இன்னும் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.