முன் பெஞ்சுக் காப்பி

வெஜிடபிள் பப்ஸைக் கையில் எடுத்ததும் மேல்தோல் பொலபொலவென்று உதிர வேண்டும். சேலையெல்லாம் துணுக்கு விழ வேண்டும். உதிராத பப்ஸ் பப்ஸே இல்லை, யார் என்ன சொன்னாலும் சரி. பட்டர் பிஸ்கட் வாயில் கரைய வேண்டும். கரைந்த பிறகு மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டால் அதில் பட்டர் இல்லை, வனஸ்பதி. டீ கேக்கை விரலால் அமுக்கிவிட்டு எடுத்தால் அது மறுபடி எழும்ப வேண்டும். காப்பியில் டிக்காஷன் தெரிய வேண்டும், உதடு சுட வேண்டும். இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்டவர்கள் உண்டு. காசு கொடுத்துத் தின்கிறவள். அந்தத் தகுதி போதும்.

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பேக்கரிகளுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதற்குள் பால்கோவாவை வைத்துவிடுவார்கள். பன்னுக்குள் பால்கோவா, கேக்குக்கு மேலே பால்கோவா, போன வருஷம் ஒரு கடையில் பப்ஸுக்குள்ளும் வைத்திருந்தார்கள். பால்கோவா தனியாகத் தின்ன வேண்டிய பண்டம், அதை ஏன் இந்தப் பாடு படுத்துகிறீர்கள் என்று கடைக்காரரிடமே கேட்டேன். "வெளியூர்க்காரவுக விரும்பிக் கேக்காகல்லா" என்றார். உள்ளூர்க்காரி நான் வேண்டாம் என்கிறேனே, அது காதில் விழவில்லை. காப்பிக்கு ராஜபாளையம்தான். சொந்த ஊரை விட்டுக்கொடுக்கிறாள் என்று யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும், முதலில் நல்ல காப்பி போடுங்கள்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில். பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் வீட்டில் எல்லாருக்கும் காப்பி போடுவது நான். மாமனாருக்குச் சீனி இல்லாமல், மாமியாருக்குத் திக்காக, வீட்டுக்காரருக்குக் குளித்துவிட்டு வந்ததும் இன்னொரு தடவை. ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். அதனால் அங்கே யார் வந்தாலும் எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பும், நான் எழுந்து கெட்டிலைத் தட்டிவிட வேண்டும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு பஸ் ஏறுமுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் ஒரு காப்பி குடிக்கிறேனே, அன்றைக்கு முழுக்க இன்னொருவர் எனக்கென்று போட்டுத் தருகிற காப்பி அது ஒன்றுதான். அதை ருசி பார்க்காமல் மடக்மடக்கென்று குடித்துவிட்டு வர நான் தயாராக இல்லை.

அந்தப் பேக்கரியின் முன்னால், காப்பி மாஸ்டருக்கு எதிரே, ஒரு நீள மர பெஞ்சு கிடக்கும். அதன் ஓரத்தில் உட்கார்ந்தால் பாய்லர் ஆவி முகத்தில் படும். மாஸ்டர் ஆற்றி முடித்து, நுரை அடங்குவதற்குள் கிளாஸ் கைக்கு வந்துவிடும். பெஞ்சின் மறு ஓரத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருப்பார். அவர் என்னோடு பேசியதில்லை, நானும் பேசியதில்லை. வருஷக்கணக்காக அப்படித்தான் உட்கார்ந்தோம்.

கடைகளுக்கு மார்க் போட எனக்கு ஒரு கூட்டாளி உண்டு, பஸ் சினேகம். சுந்தரபாண்டியத்துக்காரி, ராஜபாளையத்தில் போலீஸ் ஏட்டு. டூட்டி முடிந்தால் ஸ்டேஷனிலேயே யூனிபார்மை மாற்றிவிட்டுச் சுடிதாரில் வருவாள். பத்துக்கு ஏழு மார்க்குக்கு மேல் எந்தக் கடைக்கும் நான் போடுவதில்லை என்பது அவளுடைய குறை. "ஏட்டி, நீ வாத்தியாரம்மாவா போயிருந்தேன்னா ஒரு பிள்ள பாசாயிருக்காது" என்பாள். ஒரு அயோக்கியப் பப்ஸுக்கு அவள் எட்டு போட்டதற்காக இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

இந்த வருஷம் பங்குனி வெயிலில் பேக்கரியைப் புதுப்பித்தார்கள். கண்ணாடி அலமாரி, விதவிதமான விளக்கு, பின்னால் ஒரு ரூம். ரூமுக்குத் திரைச்சீலை, அதற்கு மேலே 'குடும்பத்துடன் அமர' என்று போர்டு. திறந்த அன்றைக்கு நான் வழக்கம்போல பெஞ்சுக்குப் போனேன். ஓனர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"அக்கா, இனி உள்ள உக்காருங்க. ஒங்கள மாதிரி லேடிஸுக்குன்னுதான் செலவழிச்சுக் கட்டியிருக்கு."

"நான் தனியாத்தான வந்திருக்கேன்? குடும்பத்துக்குன்னுல்லா போட்டிருக்கு?"

"அட, லேடிஸ்னாலே குடும்பந்தானக்கா" என்று சிரித்தார்.

புது ரூம், ஃபேன் இருக்கும் என்று நானும் போனேன். போனது தப்பு. உள்ளே நான் ஒருத்திதான். சுவரில் ஒரு நீர்வீழ்ச்சிப் படம், மூலையில் கை கழுவும் தொட்டி. காப்பி வந்தபோது பேப்பர் கப்பில் வந்தது. மேலே ஆடை படிந்திருந்தது. பப்ஸை எடுத்தேன், ஒரு துணுக்கு உதிரவில்லை, ஈரத்துணி மாதிரி கையில் தொங்கியது. நாலு மார்க் தந்தேன். மறுநாளும் நாலு. அதற்கு மறுநாள் மூன்று.

மாஸ்டர் கை கெட்டுப்போய்விட்டதோ என்று நினைத்தேன். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளே போகிற காப்பியை மாஸ்டர் போட்டதும் கல்லாப் பக்கத்தில் வைத்துவிடுகிறார். பக்கத்துக் கடைகளுக்குப் போகிறதும் சேர்ந்து ஒரு தட்டு நிறைந்த பிறகுதான் சப்ளையர் தூக்கிக்கொண்டு வருகிறார். அதுவரை அது அங்கே கிடந்து ஆறுகிறது. பப்ஸும் அப்படித்தான். அடுப்பிலிருந்து வரும் சூடு முன்னால் நிற்கிறவர்களுக்கு, காலையில் மிஞ்சியது மைக்ரோவேவில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. திரைச்சீலைக்குப் பின்னால் இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

பஸ்ஸில் கூட்டாளியிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"யூனிபார்ம்ல போனா எனக்கு முன்னாடிதான் சேர் போடுதான். சுடிதார்ல போனா நானும் உள்ளதான். காப்பி நீ சொன்ன அதே பச்சத்தண்ணிதான்."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"காப்பிக்குப் போயி சண்ட போடச் சொல்லுதியா? நாள் பூரா சண்டைய வெலக்கிவிட்டுட்டு வாரேன் நான்."

எனக்கு மண்டையில் சுர்ரென்று ஏறியது. "நாளைக்கு யூனிபார்ம மாத்தாம வா. நீ முன்னாடி இரு, நான் உள்ள இருக்கேன். ஒரே நேரத்துல ஆர்டர் சொல்லுவோம்."

"வம்ப வெல கொடுத்து வாங்காத."

"நீ வாயத் தொறக்க வேண்டாம். தொறக்கவும் கூடாது. நீ பேசினா போலீஸ் பேசினதாப் போயிரும். பேச வேண்டியது நான்."

அவள் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "பப்ஸும் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் காக்கியில் வந்தாள். ஓனர் கல்லாவை விட்டு வெளியே வந்து சேரைத் துடைத்து, முன்னால் ஒரு சின்ன மேஜையும் போட்டது எனக்குத் திரைச்சீலை இடுக்கு வழியாகத் தெரிந்தது. நான் உள்ளே ஒரு காப்பி, ஒரு பப்ஸ். அவள் வெளியே ஒரு காப்பி, ஒரு பப்ஸ். என்னுடையது வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் கப்பை ஒரு கையில், தட்டை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, திரைச்சீலையைத் தோளால் தள்ளி வெளியே வந்தேன். பெஞ்சில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். அவள் கிளாஸுக்குப் பக்கத்தில் என் கப்பை வைத்தேன். அவள் பாதி குடித்துவிட்டிருந்தாள், அப்போதும் அதில் ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் பப்ஸ் மேஜையெல்லாம் உதிர்ந்து கிடந்தது.

"இது ரெண்டும் ஒரே வெலதான?" என்று ஓனரிடம் கேட்டேன்.

"என்னக்கா இது? ஆறிப்போச்சுன்னா உள்ளருந்தே ஒரு குரல் குடுக்கக் கூடாதா? சூடாக்கித் தரச் சொல்லுவம்ல?"

"சூடாக்கின காப்பி எனக்கு வேண்டாம். போட்டதும் குடிக்கணும். நான் முன்னாடியே உக்காந்துக்கிடுதேன்."

அவர் குரலைத் தணித்தார். "நாலு ஆம்பளைக வந்து போற எடம்க்கா. உள்ள உக்கார்றதுதான் ஒங்களுக்கு மரியாதை."

"மரியாதைய நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்குக் காப்பியச் சூடாத் தாங்க."

கோபம் வந்தால் அழுகையும் கூடவே வந்து தொலைக்கும், சின்ன வயசிலிருந்தே அந்தச் சனியன் என்னோடு இருக்கிறது. அழுதால் தோற்றேன் என்று தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். ஓனர் மாஸ்டரிடம் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். எத்தனையோ வருஷமாக ராஜபாளையத்தில் பஸ் ஏறி இறங்குகிறவளுக்கு அந்த அளவு தெலுங்கு புரியும். "பைத்தியம் இல்லண்ணே, காப்பிதான் கேக்கேன்" என்றேன். மாஸ்டர் சிரிப்பை அடக்கப் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட்டாளி நான் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை, ஆனால் என் பப்ஸை ஒதுக்கிவிட்டுத் தன்னுடையதை என் பக்கம் தள்ளினாள்.

மறுநாள் போனால் பெஞ்சைக் காணோம்.

பெஞ்சு கிடந்த இடத்தில் கழுவிவிட்ட தரை மட்டும் இருந்தது. எல்லாரும் நின்றுகொண்டு குடித்தார்கள். பட்டாளத்துப் பெரியவர் மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கால் மாற்றி மாற்றி நின்றார். "ஒரு பொம்பளையால இருந்த பெஞ்சும் போச்சு" என்று யாரோ என் காதில் விழும்படி சொன்னார்கள். எடுத்துப் போட்டவரை விட்டுவிட்டு உட்கார்ந்தவளைச் சொல்கிறார்கள். வீட்டிலும் இதே கதைதான். விஷயத்தைக் கேட்டு, "காப்பிதான, வீட்டுல வந்து குடியேன்" என்றார் வீட்டுக்காரர். வீட்டில் குடிக்கலாம், யார் போடுவது என்று கேட்டேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

நான் போவதை நிறுத்தவில்லை. தினமும் போனேன், மாஸ்டருக்கு எதிரே நின்று குடித்தேன். திரைச்சீலைப் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. நின்று குடித்தாலும் காப்பி சுட்டது, உதட்டைச் சுட்டது. ஆறு மார்க் போட்டேன், நிற்க வைத்ததற்கு ஒன்று குறைத்து. கூட்டாளியும் சுடிதாரில் வந்து பக்கத்தில் நின்றாள். "முட்டு வலிக்குதுடி" என்று புலம்பினாள், ஆனால் உள்ளே போகவில்லை. கல்லூரிப் பெண் பிள்ளைகள் மூன்று பேர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, எங்களையும் பார்த்துவிட்டு, எங்களோடு வந்து நின்றார்கள். ஓனர் அவர்களைக் கூப்பிட வாயெடுத்தவர் என்னைப் பார்த்ததும் சில்லறை எண்ணத் தொடங்கினார்.

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கடை முகப்பில் ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் பட்டாளத்துப் பெரியவருக்குப் பொறுமை போனது. கிளாஸை மேடையில் ணங்கென்று வைத்தார்.

"ஏலே, பெஞ்ச எங்கலே போட்ட? நான் என்ன இங்க சென்ட்ரி டூட்டிக்கா வாரேன்?"

"இல்லய்யா, லேடிஸ் வந்து உக்காருதாக, சங்கடமா இருக்குன்னு…"

"யாருக்கு சங்கடம்? இந்தம்மா எம்புட்டு வருசமா அந்த ஓரத்துல உக்காருது! எனக்கு ஒண்ணும் சங்கடம் இல்ல. கால்தான் வலிக்கி. பெஞ்சு வரலன்னா எதிர்த்த கடைக்குப் போயிருவேன், என் கூட இவிய எல்லாரும் வருவாக."

அவர் எனக்காகப் பேசினாரா, காலுக்காகப் பேசினாரா என்று கூட்டாளி பஸ்ஸில் கேட்டாள். காலுக்காகத்தான். இருந்துவிட்டுப் போகட்டும், சொன்னது உண்மைதானே.

மறுநாள் பெஞ்சு வந்துவிட்டது. பழைய இடத்தில், பழைய கறையோடு. நான் போனபோது பெரியவர் மஞ்சள் பையைப் பெஞ்சின் என் ஓரத்தில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்போதும் பேசவில்லை. நான் உட்கார்ந்தேன். ஓனர் கண்ணாடி அலமாரியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் ஆற்றினார், நுரை பொங்கியது, கிளாஸ் என் கைக்கு வந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்க்காத மாதிரி என்னையே பார்த்தார்கள். இவ்வளவு ரகளை செய்து வாங்கிய காப்பி, குடித்துவிட்டு என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று.

ஒரு வாய் குடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி என் முழங்கையில் இடித்தாள். "ஏட்டி, இன்னைக்கு ஒரு நாளாவது பத்து போட்டுரு" என்றாள் மெதுவாக.

போடலாம்தான். ஆனால் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"மாஸ்டர், சீனி கூடிப்போச்சு."

கூட்டாளி தலையில் கை வைத்துக்கொண்டாள். மாஸ்டர் கையை நீட்டிக் கிளாஸை வாங்கினார், தொட்டியில் கவிழ்த்தார், வெந்நீர் விட்டு அலசினார். புதுப் பால், புது டிக்காஷன், அரைக் கரண்டி சீனி. தூக்கி ஆற்றும்போது என்னைப் பார்த்து, "இப்பம் சரியா இருக்கும் பாருங்கக்கா" என்றார்.

ஒரே நாளில் இரண்டாவது தடவையாக, எனக்கென்று இன்னொருவர் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். நான் சாய்ந்து உட்கார்ந்து, அவர் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன்.