வெயிலில் வைத்த வைனும் என் தொண்டையும்

லண்டனில் என் படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. தொண்டைக்குக் கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்துப் பட்டம் எடுத்தவன் நான். எண்பத்தாறில் அகதியாக வந்து, எண்பத்தெட்டில் தென்லண்டனில் ரயில் பாலத்து வளைவுகளுக்குக் கீழே இருந்த ஒரு வைன் இறக்குமதிக் கம்பனியில் சேர்ந்தேன். பெட்டி தூக்குவேன், கிளாஸ் கழுவுவேன், ருசி பார்க்கும் கூட்டம் நடந்தால் மேசை துடைப்பேன். அந்தக் கம்பனிக்கு ஓர் ஆலோசகர் இருந்தார், வெள்ளைக்காரர். வைனை எப்படிச் செய்யவேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுப்பது அவருடைய தொழில். சொந்தமாக ஒரு திராட்சைக் கொடிக்கும் அவர் தண்ணீர் ஊற்றியதில்லை.

அவர் ஸ்பெயினின் வடகிழக்கு மலைகளில் ஒரு பழைய வைனைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தார் என்பது அவருடைய சொல். அங்கே இருந்தவர்கள் அதை ஒன்றும் தொலைத்திருக்கவில்லை. வயிறு பருத்த பெரிய கண்ணாடிச் சாடிகளில் வைனை ஊற்றி, வீட்டு மொட்டைமாடியில் ஒரு வருடம் வெயிலிலும் பனியிலும் விட்டுவிடுவார்கள். பிறகு பழைய மரப்பீப்பாயில் அடைப்பார்கள். நிறம் தேயிலைச் சாயம். மணம் வறுத்த எள்ளும் பழம்புளியும் சேர்ந்த மாதிரி. விற்பனை நின்று போய், வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு மட்டும் ஊற்றுகிற சாமானாக அது மிஞ்சியிருந்தது. அதற்கு மறுவாழ்வு கொடுக்கப் போவதாக ஆலோசகர் அறிவித்தார்.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். நான் சொல்லப்போகிற வெளிநாட்டார் எல்லோரும் என்னோடு இங்கிலிஷில்தான் பேசினார்கள். இங்கே அவர்களை யாழ்ப்பாணத் தமிழில் பேசவைக்கப் போகிறேன். அவர்களுடைய பாஷையில் நான் பட்ட பாட்டை அவர்களும் கொஞ்சம் படட்டும்.

அந்த மலைநாட்டார் வைன் குடிக்கிற பாத்திரமும் கண்ணாடிதான். ஒரு பக்கம் நீளமாக, கூராக ஒரு மூக்கு. தூக்கிப் பிடித்து, உதடு படாமல், நூல் மாதிரி வாய்க்குள் விழுத்தவேண்டும். முதல் கூட்டத்தில் ஒருவர் கழுத்துப்பட்டியை நனைத்தார். இன்னொருவர் காதுக்குள் ஊற்றினார். துடைக்கத் துணியோடு போன நான், இது என்ன பெரிய வேலை என்று பாத்திரத்தை வாங்கி, அண்ணாந்து, கையை முழுதாக நீட்டி, ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கைதட்டினார்கள்.

எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்தது மூக்குப்பேணியில். பித்தளை, ஒரு பக்கம் மூக்கு, உதடு படக்கூடாது. அதைச் சுத்தம் என்று சொல்லி வளர்த்தார்கள். யாருக்குப் பேணி, யாருக்குச் சிரட்டை என்று சாதி பார்த்துப் பிரித்து வைத்த சுத்தம் அது. கைதட்டும்படி அதில் ஒன்றும் இல்லை. ஆனால் யாராவது கைதட்டினால் என் கழுத்து தானாக நிமிர்ந்துவிடும். அது என் வியாதி.

அடுத்த கூட்டத்துக்கு ஆலோசகர் ஒரு சிவப்புத் தொப்பியும் இடுப்பில் சுற்ற ஒரு சிவப்புத் துணியும் கொண்டு வந்தார்.

"இதென்ன?"

"அந்த ஊர்க் கமக்காரர் போடுற தொப்பி. நீர் போட்டால் நல்லா எடுபடும்."

"நான் அந்த ஊரில்லையே."

"இஞ்சை ஆருக்குத் தெரியும்?"

உண்மைதான், ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பத்திரிகைக்காரர் என்னிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இந்த வருடம் விளைச்சல் எப்படி என்று கேட்டார். மழை பிந்திவிட்டது, எருமை ஒன்று வரம்பை உடைத்துவிட்டது என்றேன். நான் சொன்னது வன்னியில் எங்கள் மாமாவின் நெல்வயலைப் பற்றி. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

இப்படி ஐந்து வருடம் போனது. பிளேஸ்டோவில் எங்கள் வீட்டில் இதற்குக் கைதட்டல் கிடைக்கவில்லை.

"படிச்ச படிப்பென்ன, போடுற தொப்பியென்ன" என்றாள் மனைவி.

"ருசி பாக்கிற மேசையிலை நிக்கிறன் எல்லே."

"நிக்கிறியள். இருக்க விடேல்லையே."

அதற்குள் வைன் வருடத்துக்கு வருடம் வெளிறத் தொடங்கியது. சூப்பர்மார்க்கெட்டுக்கு வாங்குகிறவர்கள் மூக்கைச் சுளித்து, இது பழுதான மணம் என்று சொல்லியிருந்தார்கள். மறுவாழ்வு கொடுக்க வந்தவர் உடனே மருந்தை மாற்றினார். ஒவ்வொரு வீட்டு மொட்டைமாடியிலிருந்தும் சாடிகளை இறக்கச் சொன்னார். சாடிக்குப் பதில் மூடிய உருக்குத் தொட்டி, வெயிலுக்குப் பதில் குளிரூட்டி. தொண்ணூற்றிரண்டில் போத்தலுக்குள் வந்தது தெளிந்த, சுத்தமான, எந்த ஊரிலும் செய்யக்கூடிய ஒரு வைன். போத்தலின் வெளியே மட்டும் வெயிலில் நிற்கிற சாடியின் படம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த மணம் வெயில் செய்த வேலை. அது பழுதில்லை, நான் படிச்சது இதைத்தான்" என்று ஆலோசகரிடம் போய்ச் சொன்னேன். "சாடியை இறக்கினால் பிறகு அதிலை என்ன மிச்சம்?"

"பேர் மிச்சம்" என்றார். "நீர் தொப்பியைச் சரியாப் போடும், சரியுது."

ஒருவன் செத்துப்போன பிறகு அவனுடைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அவன் பெயரில் கடன் கேட்கிறவனை என்ன சொல்வது? அதுதான் இது. அதைவிடக் கோபம் வந்தது என் மேல்தான். அந்த வைனை அண்ணாந்து குடித்து விற்றுக் கொடுத்தது என் தொண்டை அல்லவா?

தொண்ணூற்று மூன்று வசந்தத்தில் அந்த மலையிலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். இளவயதில் லண்டன் ஹோட்டல் ஒன்றில் ஆறு வருடம் அறை கூட்டி, கட்டில்களுக்கு விரிப்பு மாற்றியவர். இங்கிலிஷ் என்னுடையதைவிட வேகம். ஊர் முழுக்கச் சாடியை இறக்கியும் இறக்காமல் நின்ற கடைசி வீடு அவருடையது. அவரும் இறக்கினால் அந்த வைன் முடிந்தது. இறக்குவதற்கு ஒப்புக்கொள்கிற பத்திரம் ஆலோசகரிடம் தயாராக இருந்தது. அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். லண்டன் ஆட்களுக்குத் தன்னுடைய வைனை ஊற்றிப் பார்க்கவேண்டும். அவர்கள் குடிக்காவிட்டால் கையெழுத்து வைப்பார்.

வந்ததும் என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"தம்பி எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம்."

"அப்ப ஏன் என்ரை அப்பான்ரை தொப்பியைப் போட்டிருக்கிறியள்?"

என் கை தொப்பிக்குப் போனது.

"அவர் அதை மாடு பாக்கப் போகேக்கைதான் போடுறவர்" என்றார்.

செய்தவர் முன்னால் நின்றால் ருசி பார்க்கிறவர்கள் மனம் திறந்து பேசமாட்டார்கள் என்று சொல்லி, ஆலோசகர் அம்மாவை ஒபிஸ் அறையில் தேத்தண்ணியோடு இருத்திவிட்டார். புது வைனுக்கு முன்மேசை, நல்ல வெளிச்சம், பூச்சாடி. அம்மாவின் ஆறு போத்தலுக்குக் கழிவறைக் கதவோரம் ஒரு சின்ன மேசை. இரண்டுக்கும் நடுவே தொப்பியோடு நான். ஆலோசகர் முன்மேசையைவிட்டு அசையவில்லை.

வைன் ருசி பார்க்கிறவர்கள் விழுங்கமாட்டார்கள். நாள் முழுக்க நாற்பது ஐம்பது வைனை விழுங்கினால் வீட்டுக்குப் போக ஏலாது. வாயில் வைத்து, உருட்டி, பக்கத்தில் இருக்கிற வாளியில் துப்பிவிடுவார்கள். அந்த வாளிகளைக் கொட்டிக் கழுவுவதும் என் வேலை. எச்சில் படக்கூடாது என்று அண்ணாந்து குடித்து வளர்ந்தவனுக்கு லண்டன் தேடிக் கொடுத்த உத்தியோகம்.

கூட்டம் முடிந்தது. ஆலோசகர் ஒபிஸுக்குப் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். கதவு திறந்திருந்தது.

"குறை நினைக்காதையுங்கோ அம்மா. எங்களாலை ஏலுமானதைச் செய்து பாத்தம். ஒருத்தராலையும் குடிக்க ஏலேல்லை. எல்லாரும் துப்பிப்போட்டினம்."

பேனையை எடுத்து நீட்டினார். அம்மா அதை வாங்கவில்லை. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து, நான் நின்ற கழுவும் இடத்துக்கு வந்தார்.

"தம்பி, நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள். துப்பினவையோ?"

எனக்கு வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை. வேறு வேலை கிடையாது. ஐந்து வருடமாக ஊருக்கெல்லாம் திறந்து காட்டிய வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான்: இரண்டு மேசையடியிலிருந்தும் கொட்டுவதற்குக் கொண்டு வந்திருந்த இரண்டு வாளிகளையும் அவர் முன்னால் தள்ளி வைத்தேன்.

ஹோட்டலில் மற்றவர்களுடைய அழுக்கை அள்ளியவர்; அருவருக்காமல் குனிந்து பார்த்தார். ஒரு வாளியில் விளிம்புவரை வைன். மற்றதில் கசங்கிய கடதாசித் துண்டு ஒன்று, அவ்வளவுதான்.

"எது என்ரை?"

காய்ந்து கிடந்ததைக் காட்டினேன். ஆறு போத்தலும் வெறுமை. பழுது, பழுது என்று சொல்லிக்கொண்டே கிளாஸை நீட்டி மூன்று தரம் வந்த சூப்பர்மார்க்கெட்காரரை நானே பார்த்திருந்தேன்.

அம்மா அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போய், ஒபிஸ் மேசையில், பத்திரத்துக்கு மேலேயே வைத்தார்.

"துப்பினது எங்கை எண்டு காட்டுங்கோ."

ஆலோசகர் உள்ளே பார்த்தார். பிறகு கதவடியில் நின்ற என்னைப் பார்த்தார். அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, யாருக்கும் போய்வருகிறேன் என்று சொல்லாமல் நடந்தார்.

"நீர் இனி வரத் தேவையில்லை" என்றார் ஆலோசகர் என்னிடம். நான் திரும்பியதும், "தொப்பியை வைச்சிட்டுப் போம்."

வீட்டில் சொன்னேன்.

"என்ன வேலை போனது, தொப்பி வேலையோ, பெட்டி தூக்கிற வேலையோ?" என்று கேட்டாள் மனைவி.

"ரெண்டும்."

"முதலாவது போனது நல்லம். ரெண்டாவதுக்கு நாளைக்குத் தேடுவம். சாப்பிடுங்கோ."

மோர்டனில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் வேலை கிடைத்தது. அங்கே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சஞ்சிகைத் தட்டு. தொண்ணூற்றாறில் ஒரு நாள், சாப்பாட்டுச் சஞ்சிகை ஒன்றைப் புரட்டினால், முழுப்பக்கத்தில் ஆலோசகர். வெயில் வைனை அழிவிலிருந்து மீட்டவராம். ஊர்க்காரர்களே சாடிகளை இறக்கத் துணிந்தபோது, வேண்டாம் வேண்டாம் என்று தான் ஒருவன் கெஞ்சி நின்றதாக எழுதியிருந்தார். இப்போது லண்டனில் அந்த வைனுக்கு ஆட்கள் காத்து நிற்கிறார்களாம். அம்மாவின் மொட்டைமாடியில், அம்மாவின் சாடியில் கைவைத்து, மாப்பிள்ளையின் தகப்பன் மாதிரி நிற்கிறார். அம்மா படத்தில் இல்லை. கட்டுரையிலும் இல்லை. ஆலோசகர் என்ன முகத்தோடு அந்த மாடிப்படி ஏறினாரோ.

பத்திரிகை ஆசிரியருக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். வாளியைப் பற்றியும் எழுதினேன். என் ஆர்வத்துக்கு நன்றி தெரிவித்து, அரை விலையில் சந்தாதாரராகச் சேர்வதற்கு ஒரு படிவம் அனுப்பினார்கள்.

படிவத்தைக் கிழித்தேன். படத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஆலோசகர் நின்ற பக்கத்தைக் கத்தரித்து எறிந்தேன். சாடிகள் மாடி முழுக்க வெயிலில் நிற்கின்றன, ஒன்றும் இறங்கவில்லை. ஒரு சாடியின் கழுத்தில் மட்டும் அவருடைய நாலு விரல் மிஞ்சிவிட்டது. அதையும் வெட்டினால் சாடி போய்விடும்.