வெற்றிலைத் தோகை

பரமலிங்கம் ஏழு வருடம் அரசாங்கக் கந்தோரில் கடிதங்களுக்குத் திகதி முத்திரை குத்தியவர். வருகிற கடிதத்துக்கு நீல மை, போகிற கடிதத்துக்குச் சிவப்பு மை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு கந்தோர் பூட்டுப்பட்டபோது ஊரே அவருக்காகக் கவலைப்பட்டது. அவரோ அச்சுவேலியில் ஒரு பழைய புகையிலைக் கொட்டிலுக்குள் நுழைந்தவர், இரண்டு வருடமாகியும் அதை விட்டுக் கிளம்ப மனம் இல்லாமல் இருந்தார்.

அது நவமணி ரீச்சரின் சோடனைக் கொட்டில். சைவக்காரரின் கலியாணத்துக்கு மணவறையும், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரரின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை பொம்பிளையின் கதிரைக்குப் பின்னால் நிற்கிற செற்றிபாக்கும் அங்கேதான் உருவாகும். வரவுப் புத்தகம் என்று ஒன்று கிடையாது. கூட வேலை செய்கிற துரைராஜா வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுப் பத்து மணிக்கு வருவான். பரமலிங்கம் சில நாள் விடிய ஆறுக்கே வந்து நிற்பார். சில நாள் கீரிமலைக்குக் குளிக்கப் போய்விடுவார். குளிக்கும்போது ஒரு புதுக்கோலம் மனதில் வந்தால், ஈரத் துவாயோடு சைக்கிளை நேரே கொட்டிலுக்கு விடுவார். பொருளாதாரத் தடையால் மினுக்குத்தாள் வராத காலம். பால்மாப் பைக்கற்றின் உட்பக்க வெள்ளி, சவர்க்கார உறை, பனங்குருத்து என்று அகப்பட்டதெல்லாம் மயிலாகும், தாமரையாகும். கொட்டிலுக்கு இருந்தது ஒரேயொரு சட்டம். ஒருமுறை செய்த கோலத்தைத் திருப்பிச் செய்யக் கூடாது. செய்தவர் அன்றைக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி போட வேண்டும்.

அப்படியிருக்கையில்தான் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அதற்கு அடுத்த நாளே சாவகச்சேரிப் பக்கமிருந்து மாமனார் கதிரவேலு உடுப்புப் பையோடு வந்து இறங்கினார். வெற்றிலைத் தோட்டக்காரர், கடைவாயில் எப்போதும் ஒரு சுருள் இருக்கும்.

"தம்பி, திங்கக்கிழமை கந்தோர் திறக்குதாம். போகாட்டி வேலையை விட்டவர் எண்டு எழுதிப்போடுவாங்கள்."

"வாசிச்சனான் மாமா."

"நான் பிள்ளையைத் தந்தது கவுண்மேந்து உத்தியோகத்தருக்கு. தாள் ஒட்டுறவருக்கில்லை."

"இப்பவும் கை நிறைய வேலைதானே மாமா."

"கை நிறையப் பசை."

பரமலிங்கத்தின் மனைவி குணலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பு, கந்தோருக்குப் போன காலத்திலை இவர் வீட்டிலை வாய் திறக்கிறேல்லை. இப்ப பாட்டெல்லாம் பாடுறார்."

"பென்சன் வருமோ பாட்டுக்கு?" என்றார் கதிரவேலு. திங்கட்கிழமை வரை மருமகனின் பக்கத்தை விட்டு அசைவதில்லை என்றும் அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டு கலியாணம். நல்லூரில் தியாகலிங்கத்தாரின் மகளுக்குக் காலை பத்தரைக்கு முகூர்த்தம். வட்டுக்கோட்டையில் ஒரு வேதக்கார வீட்டில் பின்னேரம். கொட்டிலில் எதற்கும் பெயர் எழுதி ஒட்டுவதில்லை. அது கந்தோர் வேலை என்பது ரீச்சரின் கட்சி. செய்து முடித்ததைச் சீலையால் சுற்றுவார்கள், சீலையின் நிறம்தான் அடையாளம். பரமலிங்கத்தின் மணவறைக்குக் குணலட்சுமியின் பச்சைச் சீலை, ரீச்சரின் செற்றிபாக்குக்கு மஞ்சள் சீலை.

வியாழக்கிழமை குணலட்சுமி கொட்டிலுக்கு வந்தாள். வட்டுக்கோட்டைக் கலியாணத்துக்கு உடுக்க அந்தப் பச்சைச் சீலையே வேண்டும் என்று அவிழ்த்தெடுத்தாள், வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சீலையால் மணவறையைச் சுற்றினாள். புருசனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அடுத்த கிழமைக்கான மயிலின் கண்ணுக்கு மை வைத்துக்கொண்டிருந்த அவர், "ஓம் ஓம்" என்றார். அந்தப் பழைய சீலையும் மஞ்சள்.

வெள்ளி விடிய துரைராஜா ஒரு மஞ்சளை மாட்டுவண்டிலில் ஏற்றிக்கொண்டு ரீச்சரோடு வட்டுக்கோட்டைக்குப் போய்விட்டான். பச்சையை மனைவி கொண்டுபோனது நினைவு வர, பரமலிங்கம் மிச்சமிருந்த மஞ்சளை லான்ட்மாஸ்ரரில் ஏற்றினார். அந்த இரண்டு சில்லு உழவு மெசின் மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு நல்லூருக்குப் போக, பின்னால் பூட்டிய பெட்டியில் மாமனார் குந்தியிருந்து வழிநெடுகக் கந்தோரின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

எட்டரைக்குக் கலியாண வீட்டில் சீலையை அவிழ்த்தார்கள். இரண்டு வெள்ளைப் புறா. நடுவில் பெரிய சிவப்பு இதயம். மேலே ஒரு மணி.

"பரமலிங்கம், உதென்ன?" என்று கேட்டார் தியாகலிங்கத்தார்.

"புறா, ஐயா."

"என்ரை பிள்ளைக்குத் தாலி கட்டவோ, ஞானஸ்நானம் குடுக்கவோ?"

கதிரவேலுவின் முகத்தில் வெற்றி தெரிந்தது. கந்தோரில் நீலமும் சிவப்பும் ஒருநாளும் மாறாது என்று அவர் தொடங்கவும், பந்தலின் மூலையில் அடுக்கியிருந்த வெற்றிலைக் கட்டுகள் மருமகனின் கண்ணில் படவும் சரியாக இருந்தது.

"மாமா, புறாவுக்குத் தோகை வைச்சால் என்ன?"

"தம்பிக்குப் பித்தம்."

ஆனாலும் பரமலிங்கம் வெற்றிலையை எடுத்துப் புறாவின் வாலில் குத்தத் தொடங்கிவிட்டார். இரண்டு நிமிடம் பொறுமையாகப் பார்த்த கதிரவேலுவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"காம்பை மேலை விட்டே குத்துறது? தள்ளும் அங்காலை. வெற்றிலை என்ரை கையிலை வளர்ந்தது."

நாற்பது வருடம் வெற்றிலை அடுக்கிய விரல்கள் வரிசை வரிசையாய் இறங்கின. பெரியது வெளியே, தளிர் உள்ளே. ஒவ்வோர் இலையிலும் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் இட்டுத் தோகைக்குக் கண் திறந்தார் மருமகன். இதயத்தின் இரண்டு பக்கமும் இரண்டு சுளகைக் கட்டினார், அவை காது. கீழே கூர் முடிகிற இடத்தில் சால்வையை முறுக்கித் தொங்கவிட்டார், அது தும்பிக்கை. இதயம் பிள்ளையாராகிச் சபையைப் பார்த்தது.

"மணியை என்ன செய்ய?" என்றார் பரமலிங்கம்.

"இருக்கட்டும். கோயிலிலை மணி இல்லையோ?" கதிரவேலு நிமிரவேயில்லை. "அந்தத் தளிரை எடும். கெதியா."

ஒன்பதரைக்கு ஐயர் வந்தார். பிள்ளையாரைப் பார்த்தார், ஒருமுறை கூர்ந்தும் பார்த்தார், பிறகு கும்பிட்டார். பத்தரைக்குக் கெட்டிமேளம் முழங்கியது. தியாகலிங்கத்தார் சனத்திடம், "எங்கடை ஓடர்தான், விசேசமாச் சொல்லிச் செய்வித்தது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். தாம்பூலத்துக்கு வெற்றிலை போதாமல் போனதை ஒருவரும் குறையாக எடுக்கவில்லை.

பின்னேரம் கொட்டிலில் ரீச்சர் தன் கதையைச் சொன்னார். வட்டுக்கோட்டையில் சீலைக்குள்ளிருந்து வந்த மணவறையின் பிள்ளையாரை மரியாதையாகக் கழற்றி அறையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் மல்லிகைப் பந்து கட்டினாராம். மயில்களைக் காட்டிப் போதகரிடம் மன்னிப்புக் கேட்டாராம். "மயிலைப் படைச்சது வேறை ஆர் நவமணி?" என்றாராம் போதகர். பச்சைச் சீலையில் வந்திறங்கிய குணலட்சுமி ஒன்றும் அறியாதவள் போலக் கூரையைப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் கதிரவேலு, "மூண்டாம் வரிசை கொஞ்சம் சரிஞ்சு போச்சு. அடுத்தமுறை ஈரச் சாக்கிலை வைச்செடுத்துக் குத்தவேணும்" என்றார்.

"அடுத்தமுறையோ? திங்கக்கிழமை கந்தோர் மாமா."

மாமனார் வாயிலிருந்த சுருளை மற்றப் பக்கத்துக்கு மாற்றினார். "கந்தோரிலை வெற்றிலை குத்த விடுவாங்களே?"

"முத்திரைதான் குத்த விடுவாங்கள்."

"அப்ப எழுதிப்போடும், வரேல்லையெண்டு."

பரமலிங்கம் அன்றிரவே எழுதினார், சிவப்பு மையில். போகிற கடிதமல்லவா.

இது நடந்து மூன்று வருடமாகிறது. பரமலிங்கத்தின் வருமானம் இன்னமும் ஒரு நாளும் நேராய் நின்றதில்லை. ஒருமுறை சம்பளமாக அரை மூடை வெங்காயம் வந்தது. கதிரவேலு இப்போது கிழமையில் மூன்று நாள் கொட்டிலில் நிற்கிறார். வெற்றிலைத் தோகையை இரண்டாம் முறை செய்ய ஆசைப்பட்டு, நாலு தரம் தேத்தண்ணி போட்டுவிட்டார். சாவகச்சேரிச் சந்தையில் ஆராவது, "மருமோன் இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டால், அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிற பதில் இதுதான்:

"நாளைக்கு என்ன செய்வாரெண்டு அவருக்கே தெரியாது."