பிந்தி விழுந்த புள்ளிகள்

கையடக்கக் கருவிகளுக்கு விளையாட்டு தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவருக்கு விழுந்த பெயர் தாளக்காரர். கை சும்மா இருக்காது. லிஃப்டுக்குக் காத்திருந்தால் கதவைத் தட்டுவார், கூட்டத்தில் உட்கார்ந்தால் மேசையைத் தட்டுவார், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருப்பவரின் டப்பா மூடியைக்கூட விட்டுவைக்க மாட்டார். "சார், அது என் டப்பா, உங்க டிரம்ஸ் இல்ல" என்று யாராவது பிடுங்கிக்கொண்டால்தான் நிறுத்துவார். ஒரு காலத்தில் மேடைக் குழு ஒன்றில் டிரம்ஸ் வாசித்தவர். கல்யாணமானதும், மாதாமாதம் ஒழுங்காகச் சம்பளம் வரட்டும் என்று இங்கே சேர்ந்தார்.

இங்கே அவருடைய வேலை புள்ளி வைப்பது. கருவியில் பாட்டு ஓடும்போது திரையில் புள்ளிகள் முளைக்கும். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு வளையம் சுருங்கிக்கொண்டே வரும். வளையம் புள்ளியைத் தொடும் அந்தக் கணத்தில் விரலாலோ சின்னக் குச்சியாலோ தட்ட வேண்டும். சில இடங்களில் இழுக்க வேண்டும், சில இடங்களில் கிறுகிறுவென்று சுழற்ற வேண்டும். பாட்டின் எந்த இடத்தில் எந்தப் புள்ளி என்பதை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டு முடிவு செய்பவர் தாளக்காரர். இமைப்பொழுது பிசகினாலும் ஆடுகிறவனின் கைக்குத் தெரிந்துவிடும். என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாது. ஆனால் எரிச்சல் வந்து கருவியை மூடிவிடுவான். தாளக்காரர் வைத்த புள்ளிகளில் அப்படி யாரும் மூடியதில்லை. அவர் வைத்தது என்றால் சோதனைக் குழுவே மேலோட்டமாக ஒரு தடவை ஆடிவிட்டு அனுப்பிவிடும்.

வீட்டிலும் அவருக்கு ஒரு சோதனையாளர் இருந்தாள். அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் வேலை பார்த்தாள். வருகிறவர்கள் எல்லாம் வலியோடு வருவதால் நாள் முழுக்க இளித்த முகமாக இருந்து இருந்து தாடை வலிக்கிறது என்பாள். கல்யாணத்துக்கு முன் விளையாட்டுக் கருவியைக் கையால் தொட்டதில்லை. பிறகு அவர் புதிதாகப் புள்ளி வைக்கும் பாட்டையெல்லாம் முதலில் ஆடுவது அவள்தான் என்றாகிவிட்டது. வெளியே கொண்டுபோகக் கூடாத கருவியைக் காதும் காதும் வைத்தாற்போல் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவள் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து ஆடுவாள். அவர் திரையைப் பார்க்க மாட்டார். அவள் முகத்தைத்தான் பார்ப்பார். எங்கே புருவம் சுருங்குகிறதோ அந்த இடத்தை மறுநாள் திருத்துவார்.

காதில் அந்த விசில் சத்தம் எப்போது தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. முதலில் அதை ஃபிரிட்ஜ் என்று நினைத்தார்.

"அதைக் கொஞ்சம் அணைச்சுத் தொலையேன். காதைக் குடையுது."

"எதைங்க? ஒண்ணும் ஓடலையே."

ஃபிரிட்ஜின் பிளக்கையே பிடுங்கிப் பார்த்தார். விசில் நிற்கவில்லை. பிறகு கதவு மணி கேட்காமல் போனது. தண்ணீர் கொதிக்கும்போது கெட்டில் கத்துவது கேட்காமல் போனது. ஒருநாள் ஹெட்போனில், டிரம்ஸ் தட்டில் குச்சி படும் அந்தக் கிண்ணென்ற சத்தத்தைத் தேடினார். திரையில் ஒலியின் கோடு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. காதில் வெறும் விசில்தான்.

யாரிடமும் சொல்லாமல் காது மருத்துவரிடம் போனார். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை.

"மேடையில வாசிச்சதும் ஹெட்போனும் சேர்ந்துதான் இது. உச்ச சத்தங்கள் முதல்ல போகும். பெண்கள் குரல், குழந்தைங்க குரல், மணி, விசில்... போனது திரும்பாது. இருக்கிறதையாவது காப்பாத்திக்குங்க. முதல்ல அந்த ஹெட்போனை விடுங்க."

"அதை விட்டுட்டு நான் என்ன டாக்டர் பண்றது?"

மருத்துவர் காதுக் கருவியைப் பற்றிச் சொன்னார். தாளக்காரர் மாட்டிப் பார்த்தார். பேச்சு கேட்டது, பாட்டு மட்டும் தகரத்தை நசுக்குவது போல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு புள்ளி வைக்க முடியாது. மாட்டிக்கொண்டு அலுவலகம் போனால் போகிற அன்றே விஷயம் வெளியே வந்துவிடும். கழற்றி மேசை இழுப்பறையின் அடியில் போட்டுவிட்டார்.

அதன்பின் கண்ணால் புள்ளி வைத்தார். ஒலிக்கோடு எங்கே உப்புகிறதோ அங்கே ஒரு புள்ளி. டிரம்ஸ் இருக்கும் பாட்டுகளில் பிழைத்துக்கொண்டார். அடி விழும் இடத்தில்தான் கோடும் எகிறும். அப்புறம் அந்தப் பாட்டு வந்தது. ஒரு பெண்குரல், பின்னால் மெல்லிய வயலின், அடியே கிடையாது. அந்தக் குரல் மூச்சைப் போல மெதுவாகக் கிளம்பி, கொஞ்சம் கழித்துத்தான் நிறையும். காது கேட்பது கிளம்பும் இடத்தை. கண் பார்ப்பது நிறையும் இடத்தை. அவருக்கு அந்த வித்தியாசம் தெரியாததா? தெரியும். ஆனால் கிளம்பும் இடம் எதுவென்று கண்டுபிடிக்க வழி தெரியவில்லை. ஊகத்தில் வைத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினார். தேநீர்க் கோப்பையோடு எதிரில் உட்கார்ந்தார். அவள் ஆடினாள். முதல் தடவை பாதியிலேயே தோற்றாள். "கை ஒத்துழைக்கல, இருங்க" என்று திரும்ப ஆடினாள். அன்று மாலை முழுக்க விடாமல் ஆடி, கடைசியில் முழு மதிப்பெண் எடுத்தாள்.

"எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு. கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்."

அவள் புருவம் ஒரு இடத்திலும் சுருங்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டுத் தேநீரைக் குடித்தார். அது ஆறிப்போயிருந்தது.

அவர் வைத்தது என்பதால் சோதனைக் குழுவும் வழக்கம்போல் அனுப்பிவிட, விளையாட்டு வெளிவந்தது. மற்ற பாட்டுகளையெல்லாம் ஆடிக் கொண்டாடினார்கள். இந்த ஒரு பாட்டில் மட்டும் எல்லாரும் முட்டிக்கொண்டார்கள். முதலில் தங்கள் விரலைக் குறை சொன்னார்கள், பிறகு கருவியை. கடைசியில் யாரோ ஒருவன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வளையத்தை மட்டும் பார்த்து ஆடி ஜெயித்து, அதைக் காணொளியாகப் போட்டான். "பாட்டைக் கேக்காதீங்க, காதை மூடிட்டு ஆடுங்க!" அது தீயாகப் பரவியது. புள்ளி வைத்தவர் செவிடாக இருப்பார் என்று காணொளிக்குக் கீழே ஆளாளுக்கு எழுதிச் சிரித்திருந்தார்கள். அவர்களுக்கு அது வெறும் கிண்டல்.

மேலாளர் அவரைக் கூப்பிட்டார். தாளக்காரரிடமே வேலை கற்று மேலே போனவர், நல்ல மனுஷர். ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டை வைத்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தம்மா எங்க பாட ஆரம்பிக்கிறாங்களோ, அங்க மேசைல ஒரு தட்டு தட்டுங்க."

தாளக்காரர் விரலைத் தூக்கிக் காத்திருந்தார். விசிலுக்குள் எங்கேயோ குரல் இருந்தது. தட்டினார். பிறகு மேலாளரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

"எப்போலேருந்து சார்?"

தாளக்காரர் தட்டிய விரலை மடக்கிக்கொண்டார். மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். எழுத்துப்பிழை பார்க்கும் பிரிவில் ஓர் இடம் இருப்பதாகச் சொன்னார். தாளக்காரர் அங்கே கொஞ்ச காலம் உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு டப்பாவைக்கூட அவர் பக்கம் தாராளமாக நகர்த்தி வைத்தார்கள். அந்தக் கருணையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. விலகிவிட்டார்.

மேலாளர் கூப்பிட்ட அன்றைக்கே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். காது, மருத்துவர், இழுப்பறை, எல்லாம். அவள் ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

"நீ முழு மார்க் எடுத்தியே. எப்படி எடுத்த?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "பிந்தித் தட்டினேன்."

"அப்ப உனக்குத் தெரியும்."

"முதல் தடவையே தெரியும். பாட்டுல எங்கயும் ஒட்டல. அப்புறம் நீங்க எப்படி வச்சிருப்பீங்கன்னு மனசுல நினைச்சு, அதுக்குத் தக்கபடி தட்டினேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்தை. நான் அதை வெளிய விட்டிருக்கவே மாட்டேனே."

"எதிர்ல உக்காந்து என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தீங்களே... எனக்கு வாய் வரல."

அவர் கத்தவில்லை, கையில் இருந்ததைத் தூக்கி எறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் முகத்தை அவரால் நம்ப முடியாமல் போயிற்று. சமையல் நன்றாக இருக்கிறது என்றால் பொய்யோ, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால் பொய்யோ, நாம் சமாளித்துவிடலாம் என்றால் அதுவும் பொய்யோ. காது போனதும் உலகத்தை அந்த முகத்தை வைத்துத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் போயிற்று.

ஒரு பொட்டலக் கிடங்கில் வேலை கிடைத்தது. நகரும் பட்டையில் வருகிற பெட்டிகளைப் பிரித்துப் போட வேண்டும். இரைச்சல் மண்டையைப் பிளக்கிறது என்று மற்றவர்கள் புலம்பினார்கள்; அவருக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. மிச்சமிருந்ததையும் அந்த இரைச்சல் தின்றது. காதுக் கருவியை எடுத்து மாட்டிப் பார்த்தார், அதிலும் இப்போது பேச்சு பிடிபடவில்லை; அது திரும்ப இழுப்பறைக்கே போயிற்று. மனைவியின் குரல் நாளுக்கு நாள் மெலிந்தது. அவள் சத்தமாகப் பேசினாள். சத்தமாகப் பேசினால் எல்லாமே திட்டுவது போல இருந்தது. "ஏன் எரிஞ்சு விழற?" என்பார். "நான் எங்கங்க எரிஞ்சு விழுந்தேன், சாப்பிட வாங்கன்னுதானே சொன்னேன்" என்பாள். இருவருக்கும் அலுத்துப்போயிற்று. வேண்டியதை மட்டும் பேசிக்கொண்டார்கள். அதிலும் பாதி சைகை.

கிடங்கில் விடுமுறை விட்ட ஒரு நாள் மதியம் அவளை அழைத்துவரலாம் என்று மருத்துவமனைப் பக்கம் நடந்தார். வெகு நாளாக அப்படிப் போனதில்லை. தெருவில் நல்ல வெயில். நடைபாதையில் செருப்புத் தைப்பவர் நிமிர்ந்து அவரையே ஒரு மாதிரி பார்த்தார், பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தார். எதற்குப் பார்க்கிறார் என்று புரியாமல் தாளக்காரர் மேலே நடந்தார். தோளில் ஒரு கை விழுந்தது. மனைவி. எதிர்ச்சாரியில் வந்தவள் தெருவைக் கடந்து அவர் பின்னாலேயே ஓடிவந்திருந்தாள், மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை.

"கூப்பிட்டிருக்கலாமே" என்றார்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, அவர் தன் உதட்டைப் படிக்கும்படி நிதானமாகச் சொன்னாள். "இப்பத்தாங்க வந்தேன். கூப்பிடல."

அவர் திரும்பிப் பார்த்தார். செருப்புத் தைப்பவர் சட்டென்று குனிந்து ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார். எத்தனை தடவை கூப்பிட்டாய் என்று கேட்காமல், தாளக்காரர் "சரி" என்றார். இருவரும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். அவள் வழி நெடுக ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் எதுவென்று தெரியாமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.